டைனோசருக்கு நிற்க இடமில்லை

திரையில் இருப்பவன் 'பில்லியன்' என்று சொல்ல ஒரு கண் சிமிட்டல் போதும். அதையே தமிழில் 'நூறு கோடி' என்றால் இன்னொரு சிமிட்டல் வேண்டும். 'பதின்மூன்று புள்ளி எட்டு பில்லியன்' என்று அவன் சொல்லிவிட்டால் தொலைந்தோம். 'ஆயிரத்து முந்நூற்று எண்பது கோடி' என்று தமிழில் குரல் கொடுக்கிற நம் ஆள் சொல்லி முடிப்பதற்குள் அவன் அடுத்த வாக்கியத்தையும் முடித்து, மூச்சு வாங்கி, பின்னால் தெரிகிற மலையில் பாதி ஏறியிருப்பான்.

இந்தச் சின்னத் தகராறிலேயே பாதி ஆயுசைக் கழித்தவர் எங்கள் சைபர் அக்கா. டப்பிங் வசனம் எழுதுவது அவர் தொழில். வேற்றுமொழிப் படமோ தொடரோ வந்தால், பேசுகிறவனின் உதடு எங்கே ஒட்டுகிறது, எங்கே திறக்கிறது என்று பார்த்துப் பார்த்து அந்த அசைவுக்குள் தமிழை உட்கார வைக்க வேண்டும். உதடு ஒட்டுகிற இடத்தில் ஒரு 'ப'வோ 'ம'வோ விழ வேண்டும். விழாவிட்டால் பார்க்கிறவனுக்கு என்னவோ உறுத்தும். என்னவென்று தெரியாமல் சேனலை மாற்றிவிடுவான். நான் அதே ஸ்டூடியோவில் ஒலிப்பதிவாளன், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து குரலைப் பதிவு செய்கிறவன். எனக்கு எதற்கெடுத்தாலும் எரிச்சல் என்று வீட்டில் சொல்வார்கள். இங்கே ஒரு வாரம் வேலை பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.

சைபர் அக்கா கணக்கில் ஒன்றும் புலி இல்லை. கடையில் மீதிச் சில்லறையை எண்ணாமல் பைக்குள் போட்டுக்கொள்கிறவர். ஆனால் வசனத்தில் ஒரு சைபர் குறைந்தாலும் கூடினாலும் மனுஷிக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்தப் பட்டப்பெயர். நேரில் யாரும் கூப்பிடுவதில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஒருநாள் ஸ்டூடியோவிலிருந்து தன் வீட்டுக்கு போன் செய்து, "நான்தான் சைபர் பேசறேன்" என்று அவரே சொன்னதைக் கேட்டபிறகு அந்தக் கூச்சமும் விட்டுப்போயிற்று.

இத்தனை பிடிவாதத்துக்கும் காரணம் அவருடைய அப்பா. தண்ணீர் வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு வீடாகப் போய்க் குனிந்து மீட்டரைப் பார்த்து எண்ணைக் குறித்துவிட்டு வருகிற வேலை. ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் சர்க்கரை வியாதி இரண்டு கண்ணையும் வாங்கிக்கொண்டது. அதிலிருந்து அவருக்கு உலகம் என்றால் டிவியின் குரல்தான். பில்லியன், டிரில்லியன் என்று டிவி சொன்னால், "இது என்ன, தலைவலி மாத்திரையா?" என்று கேட்பார். அந்த மனிதருக்குப் புரிய வேண்டும் என்றுதான் அக்கா ஒவ்வொரு எண்ணையும் லட்சமாக, கோடியாகப் பிரித்துப் போட்டு மாரடித்துக்கொண்டிருந்தார்.

அப்பாவுக்கு ஆரம்பத்தில் இந்த வேலைமேல் மரியாதை இல்லை. "எவனோ வாயசைக்கிறான், நீ வார்த்தை போடறே. எழுதினதை எவன் வேணா மாத்துவான். அதெல்லாம் ஒரு எழுத்தா?" என்று கேட்டிருக்கிறார். மீட்டர் ரீடர்களுக்கு ஒரு சட்டம் உண்டாம். குறித்த எண்ணை அடித்துத் திருத்தக் கூடாது. முதல் ரீடிங்தான் ரீடிங். திருத்தினால் காசு வாங்கிவிட்டான் என்று பேர் வரும், சஸ்பெண்டு வரும். அப்படிப்பட்ட வீட்டில் பிறந்தவர் அப்பாவிடம் ரோஷத்தோடு ஒரு பொய்யைச் சொல்லி வைத்திருந்தார். "என் எழுத்துல ஒரு புள்ளியைக்கூட யாரும் தொட மாட்டாங்கப்பா. என்னைக் கேக்காம எதுவும் நடக்காது."

அடப் பாவமே! அவர் எழுத்தைத் தொடாத ஆள் யார்? டப்பிங் இன்சார்ஜ் தொடுவார். குரல் கொடுக்க வருகிறவர் தொடுவார். ஒருமுறை டீ கொண்டுவந்தவர் "இந்த இடத்துல 'டேய்'னு போட்டா நல்லாருக்கும்" என்றார், அதையும் போட்டார்கள். ஆனால் அந்தப் பொய்யை நம்பித்தான் அப்பா கொஞ்சம் கொஞ்சமாக மகளின் வேலையை மதிக்க ஆரம்பித்தார். அக்கா வீட்டில் தலைநிமிர்ந்து நடந்ததும் அந்த ஒரு பொய்யின் பலத்தில்தான்.

பெரிய எண்கள் எங்கள் ஸ்டூடியோவில் படுகிற பாட்டையும் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் கோபம் புரியும்.

மாயாஜாலத் தொடர் ஒன்று. அரக்க ராஜா தன் படையைக் காட்டி, "லட்சம் வீரர்கள்" என்கிறான். அக்கா அப்படியே எழுதியிருந்தார். இன்சார்ஜுக்குப் போதவில்லை. "லட்சம்னா ஜனங்களுக்கு அல்பமா தெரியும்மா. கோடி வீரர்கள்னு போடு." "கோடிப் பேர் நின்னா அந்தக் கோட்டை வாசல்ல பெருக்கக்கூட இடம் இருக்காதுங்க" என்று அக்கா சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. கோடி என்றே ஒளிபரப்பானது. விடிவதற்குள் ரசிகர்கள் பிடித்துக்கொண்டார்கள். போன பாகத்தில் லட்சம், இந்தப் பாகத்தில் கோடி, மீதி வீரர்கள் எங்கிருந்து முளைத்தார்கள் என்று திட்டித் தீர்த்துவிட்டார்கள். மறுநாளே குரல் கொடுத்தவரைக் கார் அனுப்பி வரவழைத்துத் திருத்தினோம். இல்லாத அரக்கனின் இல்லாத படைக்கு!

இன்னொன்று, ஒரு தேசத்தின் கஜானாவையே கணினி வழியாகச் சுருட்டுகிற கும்பலின் கதை. 'இரண்டு டிரில்லியன்' என்று வந்ததை அக்கா 'ரெண்டு லட்சம் கோடி' என்று எழுதினார். பேசியவர் அவசரத்தில் நடுவில் இருந்த லட்சத்தை விழுங்கிவிட்டார். மாதிரிப் பிரதி போன ஒரு மணி நேரத்துக்குள் சேனல்காரர்களே போன் செய்துவிட்டார்கள். "ரெண்டு கோடிக்கா இந்தப் பாடு படறானுங்க? அதுக்கு நல்லதா ஒரு ஃபிளாட்டுகூட வராதே!" என்று சிரிப்பு வேறு. அன்று மாலைக்குள் லட்சம் திரும்பி வந்துவிட்டது. பணம் என்றால் சைபருக்குக்கூட மரியாதை உண்டு.

இப்போது பிரபஞ்சத்துக்கு வருகிறேன்.

எட்டு வாரம் ஓடுகிற விண்வெளித் தொடர் ஒன்று எங்களுக்கு வந்தது. வெளிநாட்டு விஞ்ஞானி ஒருவர் பாலைவனத்திலும் எரிமலையிலும் நின்றுகொண்டு பேசுவார். அக்கா இதற்கு உழைத்த மாதிரி எதற்கும் உழைத்ததில்லை. முதல் பாகத்தின் உச்சமே ஒரு வரிதான், பிரபஞ்சத்தின் வயது. விஞ்ஞானி அதை முழு எண்ணாக்கி 'பதினான்கு பில்லியன் ஆண்டுகள்' என்கிறார். அதாவது ஆயிரத்து நானூறு கோடி. 'ஆயிரத்து நானூறு கோடி' என்பதில் உதடு ஒட்டுகிற எழுத்து ஒன்றுகூடக் கிடையாது, நீங்களே சொல்லிப் பாருங்கள். அக்கா மண்டையை உடைத்துக்கொண்டு, அவர் உதடு ஒட்டுகிற இடத்தில் 'இது பிறந்து' என்று வைத்து, அவர் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்க்கிற அந்த நேரத்துக்குள் எண்ணைத் தள்ளிவிட்டிருந்தார். எனக்கே கைதட்டலாம் போல இருந்தது.

பதிவு நடந்த அன்று அப்பாவின் கண் சொட்டுமருந்து பற்றி மருந்துக்கடையிலிருந்து போன் வந்தது. அக்கா பேசுவதற்காகப் படியிறங்கிப் போனார். அதற்குள் அந்த வரி வந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவரை நாங்கள் கம்பீரம் என்போம். 'வாசல் கதவைச் சாத்து' என்று அவர் சொன்னாலே உடம்பு சிலிர்க்கும், அப்படி ஒரு குரல். அவருக்கு அந்த வரி இரண்டு தடவை உதட்டைத் தாண்டிப் போய்விட்டது. இன்சார்ஜ் பொறுமை இழந்தார்.

"ஏன்யா இவ்ளோ நீளம்? பில்லியன்னா கோடிதானே? பதினாலு கோடின்னு போடு."

"இல்ல சார், பில்லியன்னா நூறு கோடி" என்றேன்.

"அதையெல்லாம் பாத்தா வேலை ஆகுமா? பதினாலு கோடி. பாரு, அந்த 'ப' உதட்டுல எப்படி உக்காருது!"

"அக்கா வந்துடட்டும் சார்."

"ஆர்ட்டிஸ்டுக்கு அடுத்த ஸ்டூடியோல ஆள் காத்திருக்கான்யா. எடு, எடு."

எடுத்தோம். கம்பீரம் சொன்னார் பாருங்கள், பதினாலு கோடி வருஷம்! அப்படி ஒரு பொய்யை அவ்வளவு அழகாக யாரும் சொல்லியிருக்க முடியாது. அக்கா திரும்பி வந்து விஷயம் தெரிந்து குதித்தபோது கம்பீரம் காரில் ஏறியாகிவிட்டது. "நாளைக்கு எடுத்துக்கலாம்மா" என்றார் இன்சார்ஜ். அந்த நாளை வரவே இல்லை. எட்டுப் பாகமும் முடிந்து, கம்பீரம் ஒரு நெடுந்தொடரில் நடிக்க வெளியூர் போய்விட்டார்.

மற்ற பாகங்களில் அக்கா எழுதியதை யாரும் தொடவில்லை. அங்கேதான் வினை. பூமியின் வயது நானூற்று ஐம்பது கோடி வருஷம் என்று சரியாக வந்தது. டைனோசர்கள் இருபத்து மூன்று கோடி வருஷத்துக்கு முன் நடமாடின என்று சரியாக வந்தது. பிரபஞ்சத்துக்கு மட்டும் பதினாலு கோடி. ஆக, எங்கள் ஸ்டூடியோவின் புண்ணியத்தில் பூமி பெற்றவளைவிட மூத்த பிள்ளையாகிவிட்டது.

தொடர் ஒளிபரப்பானது. ஒரு போன் இல்லை, ஒரு வரி இல்லை. அரக்கனின் படைக்குக் கொதித்த ஜனம் பிரபஞ்சம் நூறில் ஒரு பங்காகச் சுருங்கியதற்கு மூச்சு விடவில்லை. அக்கா தினமும் இன்சார்ஜ் அறை வாசலில் போய் நிற்பார். தினமும் அதே பதில்தான்.

"ரெண்டு கோடி பேர் பாத்திருக்காங்கம்மா. ஒருத்தன் கேட்டானா? சொல்லு. ஒரே ஒரு ஆள் வந்து தப்புன்னு சொல்லட்டும், அடுத்த நிமிஷம் மாத்திடறேன்."

கேட்டான் ஒருத்தன். ஆனால் அவன் கேட்ட இடம்தான் அக்காவின் வயிற்றில் அடித்தது.

அக்காவின் அப்பாவுக்கு ஒரே ஒரு சிநேகிதர், எதிர் ஃபிளாட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே கார்டு. தினமும் விடியற்காலையில் வந்து கதவைத் தட்டி, அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு பூங்காவுக்கு நடத்திப் போவார். ஒருவரை ஒருவர் 'கார்டு', 'மீட்டரு' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். பார்வை போனபிறகு அப்பா வீட்டை விட்டு வெளியே வருவது அந்த ஒரு கையைப் பிடித்துத்தான். தொடர் ஆரம்பித்ததிலிருந்து பூங்காவில் அப்பாவுக்கு ஏக மவுசு. வானத்தில் என்ன சந்தேகம் என்றாலும் அவரிடம்தான் கேட்பார்கள். "பிரபஞ்சத்துக்கு வயசு பதினாலு கோடி வருஷம். என் பொண்ணு எழுதினது" என்று பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு சொல்வாராம்.

டைனோசர் பாகம் வந்த மறுநாள் கார்டு தலையைச் சொறிந்திருக்கிறார். "மீட்டரு, ஒரு சந்தேகம். பிரபஞ்சம் பதினாலு கோடி. டைனோசர் இருபத்து மூணு கோடி. அப்ப வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே பயணி எப்படிய்யா இறங்கினான்? டைனோசர் நிக்கறதுக்கு இடம் எங்க இருந்துச்சு?"

பெஞ்சு முழுக்கச் சிரித்துவிட்டது. அப்பாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "ரெண்டும் என் பொண்ணு எழுதினது. ரெண்டும் சரிதான்" என்றிருக்கிறார். "எப்படிய்யா ரெண்டும் சரியா இருக்கும்?" என்று கார்டு விடாமல் கேட்க, "உனக்குப் புரியலைன்னா வாயை மூடு" என்று இவர் கத்த, வார்த்தை தடித்து, இனிமேல் என் வாசப்படி ஏறாதே என்று சொல்லிவிட்டு அப்பா கம்பைத் தட்டிக்கொண்டு தனியாகவே கிளம்பிவிட்டார். பூங்கா கேட்டில் இடித்துக்கொண்டு நெற்றியில் காயம். கார்டு பின்னாலேயே வந்து வீடுவரை விட்டுவிட்டுப் போனார். இவர் அந்தக் கையைத் தொடவில்லையாம்.

அதிலிருந்து அப்பா வெளியே வருவதில்லை. விடிந்தால் உடை மாற்றிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். எதிர்க்கதவு திறக்கிற சத்தம் கேட்டால் டிவியின் சத்தத்தைக் கூட்டிவிடுவார்.

விஷயத்தை என்னிடம் சொன்னபோது அக்காவுக்கு முதலில் சந்தோஷம்தான். "ஒருத்தர் கேட்டிருக்காருடா! ஒருத்தருக்காவது உறுத்தியிருக்கு!" என்றவர், அடுத்த நிமிஷமே தலையில் கைவைத்துக்கொண்டார். "ஆனா எங்க அப்பாவைக் கேட்டிருக்காரே. இப்ப நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டு என்ன சொல்றது?"

"உள்ளதைச் சொல்லுங்க. இன்சார்ஜ் மாத்திட்டாருன்னு சொல்லுங்க."

"அதைத் தவிர எதை வேணா சொல்றேன்" என்றார்.

அப்படியே செய்தார். அப்பாவிடம் போய், "நான்தான் தப்பா எழுதிட்டேன்பா" என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டார். எழுதத் தெரியாதவள் என்று பேர் வாங்கினாலும் பரவாயில்லை, கேட்பாரற்றவள் என்று மட்டும் அப்பாவுக்குத் தெரிந்துவிடக் கூடாது. எனக்கு அதைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அப்பா நம்பினால்தானே? "அந்தக் கார்டுக்காக நீ விட்டுக்கொடுக்கறே. மொதல் ரீடிங்தான் ரீடிங். நீ தப்பா எழுதறவ இல்ல" என்று ஒற்றைக்காலில் நின்றார்.

கார்டிடம் போய், சேனலுக்கு ஒரு புகார் எழுதித் தரும்படி கேட்டார் அக்கா. "அவன் பொண்ணு எழுதினதுமேல நான் புகார் எழுதினா, அவன் ஜென்மத்துக்கும் என் மூஞ்சியில முழிக்க மாட்டாம்மா" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். இன்சார்ஜிடம் போய், ஒருத்தர் கேட்டார் என்றார். "உங்க எதிர்வீட்டுக்காரர்தானே? அதெல்லாம் கணக்குல வராதும்மா. வெளியாளு யாராவது நேர்ல வந்து கேக்கட்டும், பாக்கலாம்." இதற்கு நடுவில் இன்னொரு செய்தியும் வந்தது. இணையத்தில் நிரந்தரமாக வைப்பதற்குப் பிரதி ஏற்கெனவே போய்விட்டதாம், பதினாலு கோடியோடு. இனி அதை யாரும் தொட முடியாது. மிச்சம் இருந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம் வரப்போகிற, அந்த முதல் பாகத்தின் ஒரே ஒரு மறு ஒளிபரப்பு. டிவியே வாயைத் திறந்து சொன்னால்தான் அப்பா நம்புவார் என்று அக்காவுக்குத் தோன்றிவிட்டது.

கம்பீரம் ஊரில் இல்லை. "வெட்டி ஒட்டலாம்" என்றேன். உதட்டைத் தாண்டிப் போன அந்த இரண்டு தடவைப் பதிவையும் அன்றே அழித்தாயிற்று, அவர் வேறு இடங்களில் பேசியதிலிருந்துதான் வார்த்தைகளைப் பொறுக்கி எடுக்க வேண்டும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு பேரும் தேடினோம். எரிமலைப் பாகத்தில் 'ஆயிரத்து இருநூறு டிகிரி' என்று ஒரு இடம். அங்கிருந்து 'ஆயிரத்து'வை உருவினேன். விண்வெளி நிலையம் வருகிற பாகத்தில் 'நானூறு கிலோமீட்டர் உயரத்தில்' என்று ஒரு இடம். அங்கிருந்து 'நானூறு'. 'இது பிறந்து'வும் 'கோடி'யும் அந்த வரியிலேயே ஏற்கெனவே இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒட்டிக் கேட்டபோது எனக்கே வெட்கமாகிவிட்டது. எரிமலைக்குப் பக்கத்தில் நின்று கத்துகிற ஆள் 'ஆயிரத்து!' என்கிறான். வானத்தில் மிதக்கிற ஆள் தாலாட்டுப் பாடுகிற மாதிரி 'நானூறு' என்கிறான். சத்தத்தைக் குறைத்தேன், கூட்டினேன், பின்னால் கொஞ்சம் காற்றைப் போட்டேன்.

"கணக்கு சரியா இருக்கு. போதும், அனுப்பு" என்றார் அக்கா. யாரையும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு மீட்டிங் போட்டு 'அப்புறம் பார்க்கலாம்' என்றிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை என்னையும் வீட்டுக்கு வரச் சொன்னார். சின்னக் கூடம். டிவிக்கு முழங்கால் இடிக்கிற தூரத்தில் அப்பா நாற்காலியைப் போட்டுக்கொண்டு, ஒரு காதை அதன் பக்கம் சாய்த்து உட்கார்ந்திருந்தார். நெற்றிக் காயத்தில் பிளாஸ்திரி. அக்கா சமையலறை வாசலில் துண்டை முறுக்கியபடி நின்றார். எதிர் ஃபிளாட்டிலும் அதே நிகழ்ச்சி ஓடுவது கேட்டது.

விஞ்ஞானி முகத்தைத் திருப்பினார். "இது பிறந்து… ஆயிரத்து! நானூறு கோடி வருஷம்."

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். கை நீட்டி டிவியை அணைத்தார்.

"எவனோ கை வெச்சிட்டான்" என்றார்.

"என்னப்பா?"

"ஒட்டு போட்டிருக்கான். 'ஆயிரத்து' ஒருத்தன், 'நானூறு' ஒருத்தன். கண்ணுதான் போச்சு, காது போகலை எனக்கு. நீ எழுதின நம்பரை எவனோ அடிச்சுத் திருத்தியிருக்கான்!" எழுந்து நின்றுவிட்டார். "நீ என்ன இங்க நின்னுட்டிருக்கே? போய்க் கேளு! உன்னைக் கேக்காம எப்படி மாத்தினான்னு போய்ச் சண்டை போடு! என் பொண்ணு எழுதினதைத் தொட இவனுங்க யாரு?"

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இத்தனை நாளாக அந்த ஸ்டூடியோவில் யாராவது ஒருத்தர் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அந்த மனிதர் கேட்டுவிட்டார். தப்பான எண்ணுக்காகக் கேட்டுவிட்டார், அதுதான் கொடுமை.

அக்கா உடைந்துவிட்டார்.

"மாத்தினது இப்ப இல்லப்பா, அப்ப! நான் எழுதினது ஆயிரத்து நானூறு. நான் மருந்துக்கடை போன் பேசக் கீழ போன நேரத்துல பதினாலு ஆக்கிட்டாங்க. என்னைக் கேக்கலை. என்னைக்குமே கேக்கறதில்லைப்பா. 'ஒரு புள்ளியைக்கூடத் தொட மாட்டாங்க'ன்னு சொன்னேனே, அத்தனையும் பொய். மூணு வாரமா அந்த ஆளு அறை வாசல்ல போய் நின்னேன். ஒருத்தன் மதிக்கலை. இந்த ஒட்டுகூட நாங்க ரெண்டு பேரும் திருட்டுத்தனமா போட்டதுதான்."

அப்பா மெதுவாக உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கம்பின் நுனியைத் தரையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவர் என்ன சொல்லப் போகிறாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது. எவன் வேணா மாத்துவான்னு அன்னைக்கே சொன்னேனே என்று ஒரு வார்த்தை வந்தால் போதும், அக்கா அங்கேயே விழுந்துவிடுவார்.

"அப்ப மொதல் ரீடிங் ஆயிரத்து நானூறு" என்றார்.

"ஆமாப்பா."

"நீ எழுதினது."

"ஆமா."

"அப்ப அதுதான் ரீடிங்." மறுபடியும் எழுந்தார். "செருப்பு எங்க?"

நேராக எதிர்க்கதவை நோக்கி நடந்து கம்பாலேயே தட்டினார். கதவு அடுத்த விநாடியே திறந்தது. கார்டு உள்ளே அதன் பின்னாலேயே நின்றுகொண்டிருந்திருப்பார் போல.

"யோவ் கார்டு, ஆயிரத்து நானூறு கோடி."

"கேட்டேன்யா. அப்ப நான் சொன்னது சரிதானே?"

"நீ எங்கய்யா சொன்னே? நீ தப்புன்னுதான் சொன்னே. சரி எதுன்னு சொன்னது என் பொண்ணு."

"சரிய்யா. டைனோசருக்கு இடம் கெடைச்சுதா?"

"தாராளமா நிக்கலாம்" என்றார் அப்பா. பிறகு குரலைத் தாழ்த்தி, "நாளைக்குப் பூங்கா வேணாம். வேற ஒரு இடத்துக்குப் போகணும், கையைக் குடு" என்றார்.

மறுநாள் காலை ஸ்டூடியோ வரவேற்பறையில் இரண்டு பெரியவர்களும் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து நான் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா என்னை முந்திக்கொண்டு உள்ளே போய், முதல்முறையாக வாசலில் நிற்காமல் இன்சார்ஜ் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். இன்சார்ஜ் ஏற்கெனவே கடுகாகப் பொரிந்துகொண்டிருந்தார்.

"யாரைக் கேட்டு ஒட்டினீங்க? ரெண்டு கோடி பேர் பாக்கற நிகழ்ச்சிம்மா இது!"

"ஒருத்தர் கேட்டா மாத்தறேன்னு சொன்னீங்களே, வந்திருக்கார்" என்றார் அக்கா. "ரெண்டு கோடியில ஒருத்தர். கூட இன்னொருத்தரும் வந்திருக்கார். வெளியே உக்காந்திருக்காங்க. நேர்ல பாத்துச் சொல்லணுமாம்."

இன்சார்ஜ் கதவிடுக்கில் எட்டிப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடியும் கம்புமாக ஒருவர், பக்கத்தில் நேரத்தைப் பார்த்தபடி நிமிர்ந்து உட்கார்ந்த ஒருவர். "எனக்கு மீட்டிங் இருக்கு" என்றார். பின்பக்கப் படியில் தடதடவென்று இறங்குகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான் எங்கள் இன்சார்ஜின் வீரம்.

மதியம்வரை காத்திருந்துவிட்டு அவர்கள் எழுந்தார்கள். போகிறபோது, வருகிறவர்கள் பெயர் எழுதும் புத்தகத்தை வரவேற்பில் இருந்த பெண் நீட்டினாள். 'வந்த காரணம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கார்டு கேட்டார்.

"நம்பரை எழுது. எழுத்துல வேணாம், நம்பராவே எழுது" என்றார் அப்பா.

கார்டு பதினாலு போட்டு ஒவ்வொரு சைபராகப் போட ஆரம்பித்தார். அப்பா பக்கத்தில் நின்று விரல் விட்டு எண்ணினார். கட்டம் போதவில்லை. சைபர்கள் கோட்டைத் தாண்டி, 'பார்க்க வேண்டியவர்' என்ற பக்கத்துக் கட்டத்துக்குள் போய் அதையும் நிறைத்துவிட்டன. "ஐயையோ, அடிச்சிட்டு வேற வரியில எழுதுங்க சார்" என்றாள் அந்தப் பெண்.

"அடிக்கக் கூடாதும்மா" என்றார் அப்பா. "அது ரீடிங்."